ஏ-40 விற்பனைக்கு: கூரையை வெட்டாதவருக்கு மட்டும்

பழைய கார் வைத்திருப்பவர் அதை ஓட்டும் நேரம் கொஞ்சம். அதன் பக்கத்தில் மடக்குக் கதிரை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் சொல்வதைக் கேட்கும் நேரம்தான் அதிகம். வீட்டில் அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு அவதிப்படுகிறவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

என்னிடம் இருப்பது ஒஸ்ரின் ஏ-40. பண்ணைக் கொட்டகை ஒன்றில் கோழிகள் குடியிருந்த நிலையில் வாங்கி, சிட்னி குவேக்கர்ஸ் ஹில் வீட்டுக் கராஜில் வருடக்கணக்காகத் திருத்தியது. யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிய கார்களில் பல இந்த வகைதான். எங்கள் கல்யாணத்தன்று என் மனைவி ரஞ்சியை ஏற்றி வந்தது ஓர் ஏ-40. பின்னொரு நாள் எங்கள் பெட்டிகளைக் கூரையில் கட்டிக்கொண்டு எங்களை ஊரை விட்டு ஏற்றிப் போனதும் ஓர் ஏ-40.

இந்த வருடம் வாடகை கட்டுப்படியாகவில்லை, உங்களோடு வந்து இருக்கலாமா என்று மகன் கேட்டான். மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள். கராஜை அவர்களுக்குச் சின்ன வீடாக மாற்றுவதென்று அன்றைக்கே முடிவாயிற்று. ஆகவே கார் போக வேண்டும். எனக்கு ஒரே ஒரு நிபந்தனை: வாங்குகிறவர் அதை வெட்டக் கூடாது. பழைய காரின் கூரையை அறுத்துத் தாழ்த்தி, பெரிய எஞ்சின் பூட்டி, பக்கங்களில் தீச்சுவாலை வரைந்து ஓட்டுவது இங்கே ஒரு கலை. ஹொட் ரொட் என்பார்கள். மற்றவர்களுடைய ஹொட் ரொட்டை நானும் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தக் கூரையை அறுப்பதை மட்டும் என்னால் நினைக்க முடியவில்லை.

மெரிலேண்ட்ஸ் கார் நிறுத்துமிடத்தில் மாதம் ஒரு ஞாயிறு பழைய கார்க்காரர்கள் நாங்கள் கூடுவோம். அங்கே முன்கண்ணாடியில் ‘விற்பனைக்கு’ என்ற அட்டையை வைத்தேன்.

கதவுச் சத்தம்

முதலில் வந்தவர் நம்மவர். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர், இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் காரைக் கண்டுவிட்டு நின்றவர். எஞ்சினைப் பார்க்கவில்லை, விலையும் கேட்கவில்லை. பின்கதவை ஒருமுறை திறந்து மூடட்டுமா என்று மட்டும் கேட்டார்.

திறந்தார், மூடினார். மறுபடி திறந்து, காதைக் கிட்டக் கொண்டுபோய் மூடினார். சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது. வாடகைக் காரில் பள்ளிக்கூடம் போன நாட்களைச் சொன்னார்: கடைசியாக ஏறுகிறவர் மடியில்தான் கதவு சாத்தப்படும்; அந்தக் கடைசி ஆள் எப்போதும் அவர்தான். எனக்கும் அந்தக் கதவு ஞாபகம் இருந்தது. அவர் முகம் மட்டும் ஏனோ வாடியிருந்தது. “இது அடிச்சுச் சாத்திற கதவெல்லோ அண்ணை. நீங்கள் திருத்திக் கெடுத்துப்போட்டியள்.”

மண்ணெண்ணெய்

எங்கள் கூட்டத்தில் கிரகாம் என்றொருவர் இருக்கிறார். தன் காருக்கென்று புத்தகத்தில் சொன்ன பெற்றோலைத் தவிர வேறு எதையும் காட்டமாட்டார். சண்டைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் எங்கள் ஊரில் இதே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின என்று நான் சொன்னபோது, மரியாதையாகச் சிரித்தார். நம்பவில்லை என்று அர்த்தம்.

அன்று ரஞ்சியும் வந்திருந்தாள். நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள் என்று அவளே விளக்கினாள். கார் கறுப்பாகப் புகைக்கும்; அவளுடைய கல்யாணக் கூறைச் சேலையில் மல்லிகையை மீறி மண்ணெண்ணெய்தான் மணத்தது. இங்கே எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருக்கிறதாம். கிரகாம் தன் காரைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “தயவுசெய்து இதையெல்லாம் அதன் காதில் விழும்படி சொல்லாதீர்கள்.”

முன்பாதி

மூன்றாவது ஆள் வாங்கவே வந்தவர். ஹோம்புஷில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மதுரைக்காரர். சொன்ன விலைக்குப் பேரம் பேசவில்லை. வெட்டுவீர்களா என்று கேட்டேன். அண்ணே, இதைப் போய் யாராவது வெட்டுவார்களா என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கடையில் எங்கே நிறுத்துவீர்கள் என்று ரஞ்சிதான் கேட்டாள். கல்லாவுக்குப் பின்னால் சுவரிலிருந்து கார் வெளியே வருகிற மாதிரி வைக்கப் போகிறாராம். வருகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். சுவருக்கு அந்தப் பக்கம் சமைக்கிற குசினிதானே, மிச்சக் கார் எங்கே நிற்கும் என்று அவள் விடாமல் கேட்டாள். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. “வெட்டல்லாம் மாட்டோம் அக்கா. பின்னாடி பாதியை மட்டும் தனியா எடுத்து வச்சிருவோம்.”

கேரியின் கை

எனக்குப் பக்கத்து இடம் கேரிக்கு. கை முழுக்கப் பச்சை குத்திய பெரிய மனிதர். அவருடைய ஃபோர்டின் கூரை அவரே அறுத்துத் தாழ்த்தியது. குனிந்து வணங்கித்தான் உள்ளே ஏற வேண்டும். வருடக்கணக்காகப் பக்கத்தில் இருந்தும் நான் அவரோடு அதிகம் பேசியதில்லை. அன்று எழுந்து வந்து என் காரின் கூரை விளிம்பில் உள்ளங்கையை வைத்து, முன்னாலிருந்து பின்னால் வரை மெதுவாகத் தடவினார். தையற்காரர் துணியைத் தடவுவதுபோல இருந்தது.

வாங்க விருப்பம் என்றார். மதுரைக்காரரோடு பட்ட பிறகு ரஞ்சி சுற்றி வளைக்கவில்லை. வெட்டுவீர்களா என்று நேரே கேட்டாள். கேரியும் நேரே பதில் சொன்னார். “என்னுடையதானால் முதல் வாரமே வெட்டுவேன்.” அட்டையை நான் கொஞ்சம் என் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

கடைசி ஞாயிறு

கராஜை உடைக்க ஆட்கள் திங்கட்கிழமை வருகிறார்கள் என்ற நிலையில், அதற்கு முதல் நாள் ஞாயிறு காரை மறுபடி கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். வாங்க ஆளில்லை. தெருவில் விட்டால் ஒரு மழைக்காலத்தில் எல்லாம் துருவாகிவிடும். மதியம் அட்டையை எடுத்து மடித்தபோது ரஞ்சி கூரையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். முன்பே துடைத்த கூரைதான்.

கேரி வந்தார். நகரத்துக்கு வெளியே தனக்கு ஒரு பெரிய கொட்டகை இருக்கிறது, ஓர் இடம் காலி, கொண்டுவந்து விடுங்கள் என்றார். வாடகை வேண்டாம், தன் கார்களுக்கும் பேச்சுத்துணை வேண்டுமாம். நான் அவருடைய ஃபோர்டின் கூரையைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. “மேட், என்னுடையதைத்தான் வெட்டுவேன். இது உங்களுடையது,” என்றார்.

அன்று மாலையே கொண்டுபோய் விட்டோம். கொட்டகையில் வரிசையாக நின்ற தட்டைக் கார்களுக்கு நடுவே எங்கள் ஏ-40 மட்டும் தலை நிமிர்ந்து நின்றது. கேரி அதன்மேல் தன் நல்ல போர்வையைப் போர்த்தினார். மகனுடைய காரில் திரும்பி வரும் வழியில் ரஞ்சி சொன்னாள்: “விக்காமல் விட்டது நல்லதாப் போச்சு. வித்திருந்தா அந்த மனுசன் கட்டாயம் வெட்டியிருக்கும்.”

சிட்னியில் தலைக்கு மேல் ஒரு கூரை கிடைப்பது பெரும்பாடு என்கிறார்கள். எங்கள் வீட்டில் மகனுக்கும் காருக்கும் கிடைத்துவிட்டது, அதிலும் காருக்குக் கிடைத்தது கூரை வெட்டுகிறவர் இடத்தில்.