அவசரத்தின் தூக்குப்பாலம்

வேன்காரர் 'அவசரம்' ஒருமுறை, ஊர் பார்க்க வந்த ஒருவரை சலூன் நாற்காலியிலிருந்து ஒரு கன்னத்து நுரையோடு அள்ளிக்கொண்டு போய்க் கப்பலில் ஏற்றிவிட்டாராம். துறைமுக வாசலில் பழம் விற்பவள், தன் கொழுந்தன் சொன்னதாகச் சொல்வாள். கொழுந்தனுக்கு யார் சொன்னது என்று கேட்டால், அப்போது பார்த்து அவளுடைய எடைக்கல் காணாமல் போய்விடும்.

கப்பலில் வருகிறவர்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு, கிடங்குத் தெரு, மீன் ஏலக்கூடம் என்று நகரத்தைக் காட்டி, பிறகு வலை பின்னும் ஊரையும் கலங்கரை விளக்க ஊரையும் சுற்றவைத்து, ஐந்து மணிக்குள் திருப்பிச் சேர்ப்பது அவர் பிழைப்பு. ஒருவர் கப்பலைத் தவறவிட்டாலும், துறைமுகத்துக்குள் நுழைய அவருக்குக் கொடுத்திருக்கும் அனுமதி அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள்.

பதினோரு வருடமாக அட்டையைக் காப்பாற்றி வந்தது ஒரு பொய். திரும்பும் வழியில் கால்வாய்மேல் ஒரு தூக்குப்பாலம். படகு வந்தால் ஏறும், ஐந்தே நிமிடத்தில் இறங்கும். இவரோ, "மூணு மணிக்குத் தூக்குனா ஒன்றரை மணி நேரம் இறக்க மாட்டாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் கெஞ்சுவார்.

"இப்படி வாய் கூசாம பொய் சொல்றீங்களே" என்பாள் மனைவி.

"பொய் இல்லடி. பாலம் இன்னும் அதுக்குப் பழகல, அவ்வளவுதான்."

ஒருநாள் பாலம் பழகிவிட்டது. வலை பின்னும் ஊரில் நிற்கும்போது, பாலத்தில் வேலை பார்க்கும் மச்சினன் போன் செய்தான்.

"மாமா, பெரிய சரக்குப் படகு வருது. மூணுக்குத் தூக்குறோம். நாலரைக்கு முன்னாடி இறங்காது."

"என் வயித்துல அடிக்கிறியேடா."

"நானா தூக்குறேன்? மோட்டார் தூக்குது."

நாலரைக்குமேல் பாலத்தைத் தாண்டினால் கப்பலின் புகையைத்தான் பார்க்கலாம். சுற்றுவழியோ மழையில் அறுந்து கிடந்தது.

அன்றைய சவாரி மூன்று பேர். ஓய்வுபெற்ற நில அளவையாளர், அவர் மனைவி, மனைவியின் தங்கை. கலங்கரை விளக்க ஊரில் இறக்கிவிடும்போது, பாலத்தைச் சொல்லி, இரண்டரைக்கு வந்துவிடுங்கள் என்று மூன்று தடவை சொன்னார். குரல் தடுமாறியது. உண்மையைச் சொல்லிப் பழக்கமில்லை.

இரண்டரைக்குத் தங்கை மட்டும் சோளப்பொரி கொறித்தபடி வந்து வண்டியில் ஏறினார்.

"அவங்க எங்கம்மா?"

"படகுச் சவாரிக்கு வரிசையில நிக்கிறாங்க. எனக்குத் தண்ணின்னா தலை சுத்தும்."

"பாலத்தத் தூக்கிடுவாங்கம்மா."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "போன வருஷம் எங்க அண்ணி உங்க வண்டியிலதான் வந்தாங்க. பாலத்தோட கதைய முழுசாச் சொல்லித்தான் அனுப்பினாங்க."

"இன்னைக்கு நிஜம்மா."

"அப்படியும் சொல்வீங்கன்னாங்க."

அவசரம் அளவையாளரின் எண்ணை அழுத்தினார். யாரும் எடுக்கவில்லை.

"உங்க நம்பர்னா அக்கா எடுக்க விடமாட்டா. மனுஷன நிம்மதியா ஊர் பாக்க விடாதவர்னு உங்களுக்குப் பேரு."

"உங்க போன்லேருந்து கூப்பிடுங்கம்மா. பதினோரு வருஷப் பிழைப்பும்மா."

அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். சட்டைக் காலர்வரை வியர்வையில் நனைந்திருந்தது. பொரியைக் கீழே வைத்துவிட்டு, கைப்பையைத் துழாவி, அக்காவுக்குப் போன் போட்டார். அவசரம் அதற்குள் வண்டியைக் கிளப்பிப் படகுத்துறைப் பக்கம் திருப்பியிருந்தார். மணி இரண்டு நாற்பது. அக்காவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது.