பிரேக் அக்கா

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்குப் பேர் பிரேக் அக்கா. கார் பழக்கிவிடுகிறவளின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆபத்துக்கு மட்டும்தான் அதை மிதிக்க வேண்டும். அக்காவோ எங்கே பைக் சத்தம் கேட்டாலும் ஓங்கி மிதித்துவிடுவாள். பழக வந்தவர்கள் கியரைவிட சீட் பெல்ட்டின் அருமையைத்தான் முதலில் கற்றுக்கொண்டார்கள்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. பைக்கில் வந்த இரண்டு பேர் எதிர்வீட்டு டீச்சரின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போன பிறகுதான் ஆரம்பித்தது. அப்புறம் மருந்துக்கடைக்காரரை மிரட்டி போனைப் பிடுங்கினார்கள். தெருவே நடுங்கியது, பிறகு மெல்லத் தேறியது. அக்கா மட்டும் தேறவில்லை. பட்டப்பகலில் ஜன்னலைச் சாத்தினாள், கதவுக்குப் பின்னால் வாஷிங் மெஷினைத் தள்ளிவைத்தாள்.

"இனி அழுக்குத் துணியா வந்தாதான் நான் உள்ள வர முடியும் போல," என்றான் புருஷன். அவள் சிரிக்கவில்லை. சோறும் இறங்கவில்லை.

நெஞ்சு படபடக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். இதயம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். "எனக்கென்ன பைத்தியமா?" என்று முறைத்துக்கொண்டே போனாள்.

"பைக் சத்தம்னா முதல்ல யாரு ஞாபகம் வருது?" என்று கேட்டார் டாக்டரம்மா.

திருடன் என்று சொல்ல வாயெடுத்தவள், "எங்கப்பா" என்றாள். அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது.

சின்ன வயதில், வாசலில் அப்பாவின் பைக் வந்து நின்றதும், தம்பியை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுவாள். அம்மாவுக்கு அடி விழும் சத்தம் ஓயும்வரை தம்பியின் காதுகளைப் பொத்திக்கொண்டிருப்பாள். தன் காதைப் பொத்தக் கை மிச்சமில்லை.

"பழைய காயம் ஆறாமலே கிடந்திருக்கு. தெருவுல நடந்தது அதுமேலயே போய் இடிச்சிருக்கு," என்றார் டாக்டரம்மா. "நீங்க கோழை இல்லம்மா."

அன்றே தம்பிக்குப் போன் போட்டாள். "டேய், அந்தக் கட்டில் ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா. என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில இன்னிக்கும் ஒரு பெட்டி வைக்க விடமாட்டேன். பொண்டாட்டி திட்டித் தீக்குறா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, மறுபடி சிரிப்பாயிற்று.

மாத்திரை, பேச்சு, மூச்சுப் பயிற்சி என்று மாதங்கள் ஓடின. வாஷிங் மெஷின் தன் இடத்துக்குத் திரும்பியது. பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறாள்: "திடீர்னு நான் பிரேக் அடிச்சா உங்க தப்புன்னு நினைச்சுக்காதீங்க. அது என் பழைய பயம்."

தம்பிக்கும் அதே டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கியிருக்கிறாள்.

"நீயும் கூட வருவியாக்கா?"

"வராம? நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்."

"வேண்டாம் தாயே, நான் பஸ்ல வந்துடறேன்!"