ரப்பர் பால் ஊற்றிய காடி

ஈப்போவில் என் தம்பி பழைய பிரிட்டிஷ் சின்னக் கார் ஒன்றை வாங்கிப் பளபளவென்று வைத்திருக்கிறான். "அப்பா காடி மாதிரியே இல்லக்கா? ஏறு, கோயிலுக்குப் போலாம்" என்று கதவைத் திறந்தான். பழைய தோல் சீட்டும் பெட்ரோலும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. பள்ளிக்கூட நாளில் போய் விழுந்தேன்.

சுங்காய் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த அப்பா, சீமைக்குத் திரும்பிய துரையிடம் இதே மாதிரி ஒரு காரை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் போவது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அடித்தட்டில் துருப்பிடித்த ஓட்டை. மழையில் சாலைத் தண்ணீர் காலில் பீச்சும். அப்பா ரப்பர் பாலை ஊற்றி, ஆசிட் விட்டு உறைய வைத்து அடைத்தார்.

"இனி ஒரு சொட்டு வராது லா."

கீழிருந்து வரவில்லைதான். கண்ணாடி ஓரமாக இறங்கிய தண்ணீர் வெளியே போகவும் இல்லை. தொட்டி மாதிரி நின்றது. வெயில் அடித்தால் காய்ந்த ரப்பர் ஒட்டுப்பால் நாற்றம் வேறு.

பெரிய பரீட்சையன்று அடைமழை. "பிள்ளைய பஸ்ல அனுப்புங்க" என்றாள் அம்மா.

"சொந்தக் காடி இருக்கறப்ப பஸ்ஸா?" என்றார் அப்பா.

பாதி வழியில் கார் நின்றது. சப்பாத்தைக் கழற்றி மடியில் வைத்துக் காலைத் தூக்கிக்கொண்டு நான் உள்ளே. அப்பா பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். எங்கள் மேல் சேற்றை அடித்துவிட்டுப் பஸ் போனது. கணக்குத் தாளில் பாதிதான் எழுத முடிந்தது. சாயங்காலம் அப்பா இன்னும் கொஞ்சம் பால் கொண்டுவந்து கண்ணாடி ஓரத்தில் பூசிக்கொண்டிருந்தார்.

"ஏறுக்கா" என்றான் தம்பி. வானம் கறுத்திருந்தது.

"நீ முன்னால போடா. நான் பஸ்ல வாரேன்."