தனலட்சுமிக்கு மறதி இல்லை

என் மனைவியின் வாக்காளர் அடையாள அட்டையை ஒளித்து வைத்தவன் நான்தான்.

அது தொலையவில்லை. அவள் கைமறதியாய் எங்கும் வைக்கவும் இல்லை. நான் எடுத்தேன்... ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் சேர்ந்திருந்த ஃபைலோடு, முழுசாக.

நீங்கள் என்னை அறியாதவர். அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. அறிந்தவர்களிடம் சொல்ல நான்கு ஆண்டுகளாக வாய் வரவில்லை.

குமராட்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். அந்த உள்ளாட்சித் தேர்தலில் என் அண்ணன் வார்டு உறுப்பினருக்கு நின்றார். அவரை எதிர்த்து நின்றவர், எங்கள் தெருவில் மகளிர் குழு நடத்தும் செல்வராணி.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, சோறு போட்டுக்கொண்டே தனலட்சுமி சொன்னாள்.

"ஒங்க அண்ணன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க. ஆனா என் ஓட்டு செல்வராணி அக்காவுக்குத்தான். ஒங்ககிட்ட மறச்சிப் போட மனசு வரல."

காரணம் எனக்குத் தெரியாதா? கொள்ளிடம் கரைமீறி ஊருக்குள் வந்த ஆண்டு, காப்பர் கம்பி வாங்கப் போன நான் சிதம்பரத்தில் மாட்டிக்கொண்டேன். எங்கள் மகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு. இடுப்பளவுத் தண்ணீரில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின்ரோடுவரை நடந்தவர் செல்வராணி. டிராக்டரை மறித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தவரும் அவரே. இன்று என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள் என்றால்...

"ஒன் இஷ்டம்" என்றேன். எவ்வளவு பெருந்தன்மையாகச் சொன்னேன்!

ஆனால் வாக்குச்சாவடிக்குள் அண்ணனின் ஏஜென்டாக உட்காரப் போகிறவன் நான். என் கண்ணெதிரே என் வீட்டு ஓட்டு எதிர்ப்பக்கம் விழுவதா? யாருக்கும் தெரியாதுதான். எனக்குத் தெரியுமே! அந்த அற்ப வீம்புதான். வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

தேர்தலன்று விடிகாலையில், அவள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது ஃபைலை எடுத்துப் போய்க் கடையில் பூட்டினேன்.

பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்துச் சாவடிக்கு வந்தாள். தலை கலைந்திருந்தது. கையில் பூத் சிலிப் மட்டும்.

"சிலிப் மட்டும் பத்தாதும்மா. போட்டோ ஒட்டுன அட்டை ஏதாச்சும் இருக்கா?" என்றார் அதிகாரி.

"எல்லாம் ஒரே ஃபைல்ல வச்சிருந்தேன் சார். காலையிலேர்ந்து தேடறேன், காணல. தோ, எங்க வூட்டுக்காரரே உக்காந்திருக்காரு, கேட்டுப் பாருங்க சார்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். அவளும் என்னைப் பார்த்தாள். சிரித்தாள்கூட... எனக்கு ஆதரவாய் இவர் இருக்கிறார் என்ற சிரிப்பு.

"என் சம்சாரம்தான் சார். ஆனா சொந்தக்காரங்கன்னு பாக்க வேணாம். ரூல்ஸ் எப்புடியோ அப்புடியே செய்ங்க."

"எல்லா ஏஜென்டும் இப்படி இருந்துட்டா எங்களுக்குப் பிரச்சினையே இல்ல" என்றார் அவர். நான் தலைகுனிந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்!

மாலையில் ரேஷன் கார்டோடு மறுபடி வந்தாள். அதுவும் செல்லாது என்று அனுப்பிவிட்டார்கள்.

அண்ணன் ஜெயித்தார். நிறைய ஓட்டு வித்தியாசம். தனலட்சுமி போட்டிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. அப்படியானால் நான் செய்தது எதற்காக?

அவள் ஓட்டுப் போடவில்லை என்பது செல்வராணியின் காதுக்கு எட்டியது. ஏன் போடவில்லை என்று தண்ணீர்க் குழாயடியில் அவரிடம் இவள் விளக்கம் சொல்லப் போயிருக்கிறாள்.

"ஃபைலு தொலைஞ்சிச்சா, ஒன் புருஷன் தொலைச்சானா?" என்று கேட்டுவிட்டார் அவர்.

"அவரப் பத்தி அப்படிப் பேசாதீங்கக்கா. அவரு அப்படிப்பட்டவரு இல்ல" என்று சண்டைபிடித்துவிட்டு வந்து, என்னிடமே அதைச் சொல்லி அழுதாள். அன்றோடு அவளுக்கும் செல்வராணிக்கும் பேச்சு நின்றது. அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். அழாதே என்று மட்டும் சொன்னேன்.

இதற்குமேல் சொல்லப்போவதுதான் பெரிய குற்றம்.

ஒரு வாரம் கழித்து, ஃபைலைத் திருப்பி வைக்க வேண்டுமே! அவள் வீட்டில் இல்லாத நேரத்தில், டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் செருகினேன். இரண்டாம் நாள் எடுத்துவிட்டாள். எடுத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இங்க நான் மூணு தரம் பாத்தேனேங்க..."

"சரியாப் பாத்திருக்க மாட்ட."

ஐந்து நொடியில் சொன்ன சொல். அதற்குப்பின் அவள் தன் கண்ணையே நம்பவில்லை. கேஸ் அடுப்பை மூடினோமா என்று பாதி வழியில் மினிபஸ்ஸை விட்டு இறங்கி ஓடினாள். பூட்டை நான்கு முறை இழுத்துப் பார்த்தாள். "எனக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சி" என்று எல்லோரிடமும் சொல்லத் தொடங்கினாள். பேச்சு நின்ற பிறகும் மகளிர் குழுவின் கணக்கு நோட்டை எழுதி வந்தவள், தப்பாகிவிடும் என்று பயந்து அதையும் விட்டாள்.

கடைசியில் அவளே, ஒரு டாக்டரைப் பார்க்கலாம் என்றாள். சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனேன்.

"எப்ப ஆரம்பிச்சுதும்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"எலெக்ஷன் அன்னிக்கு சார். ஒரு ஃபைலு வச்சேன்... எங்க வச்சேன்னே தெரியல. அப்புறம் தேடுன எடத்துலயே இருந்துச்சி."

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க கூட இருக்கவரு. நீங்களும் கவனிச்சீங்களா?"

அறையில் மூவர்தான். அண்ணன் இல்லை, ஊர் இல்லை, வெட்கப்பட ஆளே இல்லை. ஒரே ஒரு வாக்கியம் போதும். அவள் நோய் அந்த இடத்திலேயே தீர்ந்திருக்கும்!

"ஆமா சார்" என்றேன். "கவனிச்சேன்."

மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

இப்போது சொல்லலாமே என்பீர்கள். எதைச் சொல்ல? அட்டையை மட்டும் திருடினேன் என்றால் ஒருவேளை மன்னிப்பாள். அவள் புத்தியை அவளே சந்தேகிக்க விட்டு, நான்கு ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன் என்று சொன்னால்? சொல்லாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும், ஒப்புக்கொள்ள வேண்டிய குற்றத்தில் இன்னும் ஒரு நாள் கூடிவிடுகிறது.

நேற்று சாப்பாடு முடிந்ததும் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு குழி காலியாக இருந்தது.

"என்னாங்க, இன்னிக்கு மாத்திரய நான் போட்டுட்டேனா?"

அவள் போட்டாளா என்று நான் பார்க்கவே இல்லை. எனக்குத் தெரியாது.

"போட்டுட்ட" என்றேன்.

சரி என்று நம்பிப் படுக்கப் போனாள்.