வெயிலில் வைத்த வலது கை

"வெள்ளி, பகல் 2.40. நல்ல வெயில். பன்னிரண்டு நிமிடம். வலது கை. விரல் அசைந்தது. தாள் வீண்." என் குறிப்பேட்டில் இருபத்து மூன்றாம் பதிவு இது. ஒரு தாளுக்கு ஒரு பதிவு என்பது என் வழக்கம்.

பாகூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு மாலை வரை கடை திறப்பதில்லை. அந்த நேரத்தில் மணப்பட்டுக் கடற்கரைக்குப் போவேன். மருந்து பூசிய தாளின்மேல் சாவி, சீப்பு, சங்கு என்று எதையாவது வைத்து வெயிலில் காட்டுவேன். பிறகு தண்ணீரில் அலசினால் பொருள் இருந்த இடம் வெள்ளையாகவும் மற்ற இடம் நீலமாகவும் நிற்கும். கேமரா தேவையில்லை.

அங்கே படகில் போய்த் தூண்டிலில் மீன் பிடிக்கும் ஒருவர் அன்று தன் கையை வைப்பதாகச் சொன்னார்.

"இன்னா பாய், கேமராவும் இல்ல ஒண்ணும் இல்ல. என் கைய கருவாடு போடப்போறியா?"

"ஆடாம வைங்கண்ணே."

மற்ற விரல்கள் அடங்கிக் கிடந்தன. ஆள்காட்டி விரல் மட்டும் அடிக்கடி மேலே சுண்டியது. தூண்டில் கயிற்றை அந்த விரலில் போட்டுத்தான் மீன் கடிப்பதை அறிவார்.

"மீன் கடிச்சா அதுதானே சொல்லும். நான் இன்னா பண்ணட்டும்?"

அலசிப் பார்த்தபோது அந்த விரல் மட்டும் வெளிர்நீலத்தில் புகை போல இரண்டாகத் தெரிந்தது. கூர்மையில்லாத எதையும் நான் கோப்பில் வைப்பதில்லை. ஈரத்தோடு கசக்கி மணலில் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். கருமாதி முடிந்த சில நாட்களில் அவர் மனைவி மீன் கூடையோடு கடைக்கு வந்தார்.

"பாய், அவரு கை உங்களாண்ட இருக்குதாமே. மூஞ்சி போன்ல நெறைய கெடக்குது. கைதான் இல்ல."

கோப்பைப் புரட்டிக் காட்டினேன். சாவி, சீப்பு, சங்கு. விரல் ஆடியதால் போட்டுவிட்டேன் என்றேன்.

"அந்த வெரலு தூக்கத்துலகூட ஆடும் பாய். அதையே வெச்சிருக்கக் கூடாதா?"

கோப்பை மூடினேன். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு இறந்தவருடைய படகுக் கூட்டாளியைத் தேடிப் போய் அந்தத் தாளைப் பற்றிக் கேட்டேன். அன்று நான் கடற்கரையிலிருந்து கிளம்பிய பின் இறந்தவரே அந்தத் தாளை எடுத்து, விரித்துக் காயவைத்து, ஜி.பி.எஸ். கருவி வைக்கும் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டினாராம். படகைப் பெட்டியோடு பிள்ளைச்சாவடியில் ஒருவருக்கு விற்றுவிட்டார்கள். கூட்டாளி சொன்னதை நான் இன்னும் நேரில் போய்ச் சரிபார்க்கவில்லை. அதனால் அந்த அம்மாளிடமும் சொல்லவில்லை.