இரண்டு சீட்டு வண்டிக்குத் திருஷ்டி

என் காரில் ஆணியால் கோடு கிழித்தவனைக் கடலூர் பஜாரில், பட்டப்பகலில், செருப்பைக் கழற்றி அடித்திருக்கிறேன். அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. கோபம் எனக்கு மூக்குமேல் உட்கார்ந்திருக்கும். என் வீட்டுக்காரர் நேர்மாறு. அரசு பஸ் டிரைவர். பயணிகளிடமும் கண்டக்டரிடமும் பேச்சு வாங்கி வாங்கித் தோல் தடித்துப்போன மனிதர். நான் சத்தம் போடும்போதெல்லாம், "உடு, உடு" என்பார். அதுவே எனக்கு இன்னும் எரியும்.

வண்டி கிடைத்தது சிதம்பரத்தில். ஒரு டாக்டர் வீட்டு ஷெட்டில் வருஷக்கணக்காகக் கிடந்தது. வெள்ளை நிறம், இரண்டு கதவு, இரண்டே சீட்டு. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். ஓட்டிக்கொண்டிருந்த மகன் வெளிநாடு போய்விட்டானாம். எலி ஒயர்களைக் கடித்துப் போட்டிருந்தது, டயர்கள் வெடித்துக் கிடந்தன. பானெட்டைத் தூக்கி எஞ்சினைப் பார்த்ததும் எனக்குக் கைகால் ஓடவில்லை. பள்ளிக்கூடம் படிக்கும்போதே கார் படங்களை வெட்டிப் பெட்டியில் சேர்த்தவள் நான். இப்போது செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனி லேபில் வேலை, சொந்தச் சம்பளம். யாரைக் கேட்க வேண்டும்? வாங்கிவிட்டேன்.

லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறக்கியதும் என் மாமியார் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "ரெண்டு சீட்டுதானா? அதுவும் சரிதான். புள்ள இல்லாதவளுக்கு ரெண்டு சீட்டு போதும்" என்றார். நான் உள்ளே போய் மிக்ஸி ஜாரை எடுத்துச் சுவரில் அடித்தேன். மூடி உடைந்து சிதறி என் காலிலேயே குத்தியது. ரத்தத்தோடு வெளியே வந்து, "இனிமே ஒரு வார்த்தை பேசுனீங்கன்னா பாருங்க அத்தை" என்றேன். அன்றைக்குப் பிறகு அவர் என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார். வண்டியைப் பார்க்கும்போது மட்டும் உதடு கோணும்.

ஸ்போர்ட்ஸ் காரை ஆசையாக வைத்துக்கொள்வது என்று சொல்கிறார்களே, அதில் ஆசை கொஞ்சம், அடிதடி ஜாஸ்தி. எங்கள் வீடு துறைமுகம் பக்கம். உப்புக் காற்று கதவின் அடி விளிம்பைத் தின்றது. கம்பெனி வாசலில் நிறுத்தினால் அங்கே வீசும் புகை பெயிண்டைக் கொப்பளிக்க வைத்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பேன். துருவேறிய போல்ட்டைத் திருகும்போது ஸ்பேனர் நழுவி விரல் முட்டி கிழியும். வாயில் வரும் வார்த்தைகளைக் கேட்டு எதிர்வீட்டு டீச்சரம்மா ஜன்னலைச் சாத்திக்கொள்வார். மழைக்காலத்தில் மேற்கூரை ஒழுகி, சீட்டுக்கடியில் தவளை இருந்தது ஒருமுறை. ஆனாலும் மூன்றாவது கியரில் அந்த எஞ்சின் உறுமி எழும்போது நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதற்காக எத்தனை முட்டி கிழிந்தாலும் தகும்.

ரோடுதான் முதல் விரோதி. எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. வண்டி மோதி யாராவது செத்தால் மறியல் நடக்கும். மறியல் முடிந்த கையோடு அந்த இடத்தில் ஒரு ஸ்பீடு பிரேக்கர் முளைக்கும். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில் அப்படி எத்தனையோ. ஒவ்வொன்றிலும் நான் வண்டியைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவேன், அடிவயிறு தட்டாமல். பின்னால் நிற்பவர்கள் ஆரன் அடித்துத் திட்டுவார்கள். நானும் திருப்பித் திட்டுவேன்.

ஒரு தடவை எஞ்சினை முழுதாக இறக்கி வேலை பார்க்கக் கொடுத்திருந்தேன். மெக்கானிக் ஷெட், சிதம்பரம் போகும் வழியில், வெள்ளாற்றுப் பாலத்துக்கு முன்னால் ரோட்டோரம். வண்டி எடுக்கிற அன்று என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். கையில் ஒரு பை. உள்ளே நாலு எலுமிச்சம்பழம், ஒரு திருஷ்டிப் பூசணிக்காய்.

"இதெல்லாம் எதுக்கு மாமா?"

"ஊர்க் கண்ணு முழுக்க இது மேலதான் கெடக்குது. வாங்குன நாள்லேருந்து ஒனக்கு ரத்தம் பாக்காத வாரம் உண்டா? கழிச்சிப் போட்டுடணும்."

டயருக்கடியில் பழங்களை வைத்தார். நான் வண்டியை ரோட்டு விளிம்பு வரை நகர்த்தி நசுக்கினேன். பூசணிக்காயில் குங்குமத்தைக் கொட்டி, சூடம் ஏற்றி, சுற்றி, வண்டிக்கு முன்னால் தார் ரோட்டில் ஓங்கி அடித்தார். சதையும் குங்குமமுமாகச் சிதறியது. என் வெள்ளை பம்பரிலும் சிவப்பு தெறித்தது.

"ஓரமா ஒதுக்கித் தள்ளுங்க மாமா, வண்டிங்க வருது."

"கழிச்ச காயை நம்ம கை தொடக் கூடாது. வண்டி ஏறி ஏறி அதுவே போயிடும். திரும்பிப் பாக்காம ஏறு" என்றார். இருபது வருஷமாக பஸ்ஸில் எலுமிச்சம்பழம் கட்டி ஓட்டுகிறவரிடம் இதில் வாதாட முடியாது. நான் ஏறி சீட் பெல்ட்டைத் தேடினேன். அவர் பையை எடுக்க ஷெட் பக்கம் போனார்.

ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும், காலடியில் சாப்பாட்டுப் பை. முன்சக்கரம் பூசணிச் சதையில் ஏறியதும் ஸ்கூட்டர் அப்படியே படுத்துக்கொண்டது. அவள் தலை ரோட்டில் மோதிய சத்தம் எனக்குக் காருக்குள்ளேயே கேட்டது. வழுக்கிக்கொண்டே வந்து என் பம்பருக்கு முன்னால் கிடந்தாள். காதிலிருந்து ரத்தம் வந்தது.

டீக்கடையிலிருந்து ஓடிவந்தவர்கள் பார்த்தது இவ்வளவுதான். பம்பரில் சிவப்பு, கீழே ஒரு பெண், மேலே இந்தப் பளபளப்பான வண்டி. "காரு அடிச்சிட்டுதுடா!" என்று ஒருவன் கத்தினான். அதற்குமேல் யாரும் எதையும் கேட்கவில்லை. ஒரு கல் வந்து முன்கண்ணாடியை நொறுக்கியது. கதவைப் பிய்த்துத் திறந்து என் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். நான் ஒருவன் கையைக் கடித்தேன், வாயில் உப்புக் கரித்தது. மெக்கானிக், சண்டாளன், ஷட்டரை இழுத்துவிட்டு உள்ளே ஒளிந்துகொண்டான். "என் தங்கச்சிடா, என் தங்கச்சிடா" என்று ஒருவன் மார்பில் அடித்துக்கொண்டு வந்து வண்டியின் பக்கக் கண்ணாடியை உதைத்துப் பெயர்த்தான்.

என் வீட்டுக்காரர் என்னிடம் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். கூட்டம் கூடினால் டிரைவர் நிற்கக் கூடாது, ஓடிப்போய் ஸ்டேஷனில் நிற்க வேண்டும், நின்றால் பிணம்தான் என்று. அவர் ஓடியிருக்கலாம். அவரை யாரும் பார்க்கக்கூட இல்லை. ஆனால் நடுவில் வந்து நின்று அடித்தொண்டையில் கத்தினார்.

"நான்தான்டா ஓட்டுனேன்! அவள உடுங்க! என்னய என்ன வேணா பண்ணுங்க, அந்தப் பொண்ணத் தூக்கி வண்டில போடுங்க, உயிரு போவுது!"

என் முடியைப் பிடித்திருந்த கைகள் எல்லாம் அவரிடம் போய்விட்டன. பூ விற்கிற அம்மா ஒருத்தியும் நானும் அந்தப் பெண்ணைத் தூக்கிப் பக்கத்து சீட்டில் சாய்த்தோம். இருந்தது அந்த ஒரு சீட்டுதான். அவரை எங்கே ஏற்ற? "போடி!" என்று அவர் குரல் கேட்டது. பிறகு கட்டை விழும் சத்தம். நான் கிளம்பினேன். 

கண்ணாடி இல்லாத முன்பக்கத்தில் காற்று முகத்தில் அறைந்தது. அவள் தலை என் தோளில் விழுந்து விழுந்து எழுந்தது. "தூங்காதம்மா, ஏய், தூங்காத" என்று ஒரு கையால் அவள் கன்னத்தில் அடித்துக்கொண்டே ஓட்டினேன். குழந்தைபோலப் பார்த்துப் பார்த்து ஏற்றி இறக்கிய ஸ்பீடு பிரேக்கர்களில் நேராக ஏற்றினேன். வண்டியின் அடிவயிறு இடித்துக் கிழிந்தது. சிதம்பரத்துக்குள் நுழையும்போது அடியில் இருந்த ஆயில் சம்ப் உடைந்து, எண்ணெயெல்லாம் கொட்டி எஞ்சின் கதறியது. ஓடுகிறவரை ஓடட்டும் என்று மிதித்தேன். ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைந்ததும் எஞ்சின் இறுகி நின்றது. அதன் பிறகு அது ஓடவே இல்லை.

உள்ளே அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு ஷேர் ஆட்டோவில் என் வீட்டுக்காரரையும் கொண்டுவந்து போட்டார்கள், அடித்தவர்களே. மெக்கானிக் கடைசியில் ஷட்டரைத் திறந்து வந்து, கார் நின்றபடியே நின்றது, ஓடவே இல்லை என்று கத்தியிருக்கிறான். அதற்குள் வலது கை மூன்று இடத்தில் உடைந்திருந்தது. இனி பஸ் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொன்னபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வராந்தாவில் நின்ற ஒவ்வொருவனையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். "உங்க கை வெளங்குமாடா?" என்றேன். 

அவள் பிழைத்துவிட்டாள். கண் விழித்துப் பேச ஆரம்பித்த அன்று அவள் அண்ணன் வந்து எங்களை அந்த வார்டுக்கு அழைத்துப் போனான். கட்டுப் போட்ட கையோடு என் வீட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அண்ணன் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "தெரியாம அடிச்சிட்டோம்ண்ணே, எந்தங்கச்சி உயிரக் காப்பாத்துன குடும்பம், மன்னிச்சிடுங்க" என்று அழுதான். என் மனசு குளிர்ந்தது. அழட்டும், நன்றாக அழட்டும் என்று நின்றேன்.

கட்டிலில் இருந்தவள் மெல்லக் கேட்டாள். "நடு ரோட்டுல அந்தப் பூசணிக்காய எவன் ஒடைச்சிப் போட்டான்? தெரிஞ்சுதா?"

அவருக்குப் பின்னால் நின்ற நான் அவர் தோளை நகம் பதியக் கிள்ளினேன். பேசாமல் இருங்க மாமா என்று அர்த்தம். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான்தாம்மா ஒடைச்சேன். இவ தள்ளச் சொன்னா. தொடக் கூடாதுன்னு உட்டுட்டேன்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலையில் பாதிக்கு முடி இல்லை, தையல்தான் இருந்தது. கோபமாகக்கூட அவள் கேட்கவில்லை.

"ஒங்க திருஷ்டியக் கழிச்சி எந்தலையில போட்டுட்டீங்களே" என்றாள்.

அண்ணன் அவர் காலிலிருந்து கையை எடுத்துக்கொண்டு எழுந்தான். மறுபடி அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அவர் தோளில் பதிந்திருந்த நகத்தை நானும் எடுத்துக்கொண்டேன்.