சத்தமில்லாமல் வந்த பெட்டி

காலை டீ முடிந்து, சாம்பிள் அறையில் ஒரு டி-ஷர்ட்டின் கழுத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மாஸ்டரின் மகள் ஷகீலா போனில் கூப்பிட்டாள். "அக்கா, அத்தா மவுத்தாயிட்டாருங்க. தூக்கத்துலயே போயிட்டாரு" என்றாள். எப்போது, எப்படி என்று ஒன்றும் கேட்காமல் என் வாயில் முதலில் வந்தது, "பெட்டி வந்துருச்சா கண்ணு?" என்பதுதான். "இன்னும் இல்லீங்க" என்றாள். கையில் இருந்த கழுத்துப் பட்டியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கமாலுதீன் மாஸ்டரோடு பழகிய உங்களுக்கு நான் ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனிக்கு அவர் பேட்டர்ன் மாஸ்டர். சட்டையின் ஒவ்வொரு துண்டையும் முதலில் பழுப்பு அட்டையில் வரைந்து வெட்டித் தருகிறவர். அந்த அட்டையை வைத்து முதல் சட்டையைத் தைத்துப் பார்ப்பது என் வேலை. அட்டை அவருடையது, ஊசி என்னுடையது, சண்டை இருவருக்கும் பொது. பனியன் துணி துவைத்தால் சுருங்கும். அதற்காக முன்கூட்டியே அளவைக் கூட்டி வெட்டுவதை ஷ்ரிங்கேஜ் என்போம். நான் எவ்வளவு கத்தினாலும் அதில் ஒரு நூல் விட்டுக்கொடுக்க மாட்டார். "துணி சொல்ற அளவை நம்பாதீங்க அம்மிணி. தண்ணி சொல்ற அளவைத்தான் நம்போணும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துவைத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும், அது இன்னும் எரிச்சல்.

அவர் மனைவி இறந்து, ஓய்ந்து, மறுபடி வேலைக்கு வந்த நாள்களில் ஒரு மத்தியானம் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னார். குர்ஆனின் முப்பது பாகங்களையும் முப்பது சிறு புத்தகங்களாக வைத்திருப்பார்கள். ஒரு வீட்டில் மவுத் என்றால் பள்ளிவாசலிலிருந்து அவை பெட்டியோடு வரும். வந்திருப்பவர்கள் ஆளுக்கொன்று எடுத்து ஓதினால், உட்கார்ந்த இடத்திலேயே முழுக் குர்ஆனும் நிறைவாகிவிடும். அவர்கள் தெருப் பள்ளிவாசலில் இருந்தது ஒரு பழைய தகரப் பெட்டி. பாங்கு சொல்லும் மோதினார் அதை மொபெட்டில் வைத்துக் கொண்டுவருவார்.

"கடகடகடன்னு வந்துச்சுங்க. அதுவரைக்கும் அவ போனது எனக்கு உறைக்கவே இல்ல. தெருமுனையில அந்தச் சத்தம் திரும்புச்சு பாருங்க, அப்பத்தான் உறைச்சுது. ஓதற வேதமுங்க அது. அதைப் போய் மனுசன் பயப்படற மாதிரி கொண்டாரலாமா? இனி எந்த ஊட்டுக்கும் அது அப்படி வரக்கூடாதுங்க."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. குடிக்காமலே எழுந்து போனார்.

அதன்பிறகு மாஸ்டர் பாதி இங்கேயும் பாதி வேறெங்கோவும் இருந்தார். சாப்பாட்டு நேரத்தில் போனில் படங்களைப் பெரிதாக்கிக் காட்டுவார். கெய்ரோ, டமாஸ்கஸ், இஸ்தான்புல் என்று நாங்கள் பார்க்காத ஊர்களில், எந்தக் காலத்திலோ குர்ஆனுக்காகச் செய்த மரப் பெட்டிகள். கரிய மரத்தில் சிப்பியையும் தந்தத்தையும் பதித்து, எட்டு முனை நட்சத்திரங்கள். "இதுல எங்க ஆரம்பம், எங்க முடிவுன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்பார். நானும் ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தைப் பிடித்துப் போவேன். அது அடுத்ததற்குள் நுழைந்து, அதற்கடுத்ததில் கரைந்து, கடைசியில் நான் எங்கிருந்து புறப்பட்டேன் என்பதே மறந்துவிடும். ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி மிதந்துகொண்டிருக்கும். அயர்ன் டேபிளின் ஆவி அறையெல்லாம் படரும். நாங்கள் இரண்டு பேரும் எங்கே இருக்கிறோம் என்று கொஞ்ச நேரம் தெரியாது. பெல் அடித்தால்தான் திருப்பூர் திரும்பி வரும்.

"படம் சரிங்க மாஸ்டரு, சிப்பிக்கு எங்க போவீங்க? கடலுக்கா?" என்று சீண்டினேன். "ஸ்டோருக்கு" என்றார்.

பையர் கைவிட்ட ஒரு ஆர்டருக்காக வாங்கிய சிப்பி பட்டன்கள் எங்கள் ஸ்டோரில் மூட்டையாகக் கிடந்தன. முதலாளி, "எடுத்துக்கோங்க, சாமி காரியம்" என்றார். பள்ளிவாசலுக்கு வாகை மரத்தில் புதுப் பெட்டி, உள்ளே பாகத்துக்கு ஒன்றாக முப்பது அறை. நட்சத்திரங்களை மாஸ்டரே அட்டையில் வரைந்தார். கம்பெனிக்கு மேசை செய்யும் ஆசாரி மரத்தைக் குழித்துக் குழித்துப் பட்டன்களை உள்ளே இறக்கினார். பட்டனில் நான்கு ஓட்டை இருக்கிறதே, அதை என்ன செய்வது? "பட்டன்னா தைக்கோணும்" என்று மெல்லிய பித்தளைக் கம்பியை வாங்கிவந்து, ஒவ்வொரு ஓட்டையிலும் செலுத்தி மரத்தோடு தைத்துவிட்டார் மனிதர். வெயிலில் வைத்தபோது மூடி முழுக்க வெளுத்த நட்சத்திரங்கள், அவற்றுக்குள் பொன் புள்ளிகள். எங்கள் டெய்லர்கள் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். ஒடிசாப் பெண் ஒருத்தி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிறகு சோதனை ஓட்டம். வேதத்தைச் சோதனைக்கு வைக்கக்கூடாது என்று, அதே கனத்தில் அட்டைகளை வெட்டி முப்பது அறையிலும் நிறுத்தினார். மொபெட்டில் ஏற்றி, கம்பெனி வாசல் வேகத்தடையில் ஏறி இறங்கினார். கடகடகட.

தகரமே தேவலை என்னும்படி இருந்தது. அட்டைகள் ஒவ்வொரு அறைக்குள்ளும் ஆடின. ஆசாரி பதறிப்போய், "மாஸ்டர் குடுத்த அளவுதானுங்க, ஒரு மயிரிழை மாத்தலீங்க" என்றார். மாஸ்டர் கொடுத்த அட்டையை வாங்கிப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பீறிட்டது. ஒவ்வொரு அறைக்கும் ஷ்ரிங்கேஜ் கூட்டிப் போட்டிருந்தார்!

"ஏனுங்க மாஸ்டரு, வாகை மரத்தைச் சாயப்பட்டறைக்கு அனுப்பறீங்களா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மொபெட்டைப் பிடித்தபடி, "சத்தம் வந்துருச்சேங்க" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டதும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

"அளவு கூடினா என்ன, குறைஞ்சாத்தான் தப்பு. நீங்க எனக்குச் சொல்றதுதானே இது?" என்று அவரை அதட்டிவிட்டு, மிச்சமிருந்த ஃப்ளீஸ் துணியில் முப்பது உறை தைத்தேன். உட்புறம் பூனைக்குட்டியின் வயிறு மாதிரி மெத்தென்று இருக்கும் துணி. ஒவ்வொரு அறையிலும் ஒட்டினோம். அவர் தவறாகக் கூட்டிய அளவும் துணியின் கனமும் கச்சிதமாகப் பொருந்தின. மறுபடி வேகத்தடை. மாஸ்டர் போய்த் திரும்பி வந்து, வண்டியை நிறுத்தி, என்னைப் பார்த்தார். "தண்ணியில நனைக்காமயே உங்க ஷ்ரிங்கேஜ் வேலை செஞ்சுருச்சு" என்றேன். அன்றுதான் சிரித்தார், பல மாதத்துக்கு அப்புறம்.

பள்ளிவாசலில் ஒரு பெரியவர், சாவு வீட்டுக்குப் போகிற பெட்டிக்கு இத்தனை அலங்காரம் எதற்கு என்று கேட்டாராம். மாஸ்டர் சொன்ன பதிலை ஷகீலா எனக்குச் சொன்னாள்: "அழுதுட்டு இருக்கறவங்க பார்வை எங்கியாவது போய் உக்காரோணுமுங்கல்ல?" அந்தப் பெரியவரே பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தாராம்.

ஷகீலா போன் செய்த அன்று மாஸ்டர் வீட்டுக்குப் போனபோது உள்ளறை முழுக்கப் பெண்கள். சுவரோரமாக எனக்கு ஒரு இடம் கொடுத்தார்கள். என்னவோ கோபம் எனக்கு, அவர் மேலேயே. இந்த மாத சாம்பிளின் கை அளவுக்கு இன்னும் அவர் பதில் சொல்லவில்லை. யாரிடம் போய் நான் சண்டை போடுவது? கண்ணை மூடிக்கொண்டு மொபெட்டுக்காகக் காதைத் தீட்டி உட்கார்ந்திருந்தேன். தெருவில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. எதிர்வீட்டு மெஷின் ஓடி ஓய்ந்தது. எங்கோ தேன்கூட்டுக்குப் பக்கத்தில் இருப்பது போல ஒரு முணுமுணுப்பு மெல்ல எழுந்து என்னைச் சுற்றிக்கொண்டது. கொஞ்சம் அசந்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

ஷகீலா தோளைத் தொட்டாள்.

"பெட்டி இன்னும் வரலியா கண்ணு?" என்றேன்.

"வந்து நேரமாச்சுங்க அக்கா. பாருங்க, எல்லாரும் ஓதிட்டு இருக்காங்க."

கண்ணைத் திறந்தேன். அறை நடுவே வாகைப் பெட்டி. மூடியில் நட்சத்திரங்கள். என் பார்வை போய் அதில் உட்கார்ந்தது. ஒரு முனையைப் பிடித்துப் போனேன், எங்கே முடிந்ததென்று தெரியவில்லை. அதன்பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

ஷ்ரிங்கேஜ் போட்ட அந்த அட்டை என் அறை ஆணியில் தொங்குகிறது. எனக்கென்று அவர் விட்டுப்போனது அதுவல்ல. அன்று பெட்டி திரும்பிப் போகும்போது வாசலில் போய் நின்றேன். மோதினாரின் மொபெட் தெருமுனை வேகத்தடையில் ஏறி, இறங்கி, திரும்பியது. ஒரு சத்தமும் கேட்கவில்லை, மாஸ்டர். அதைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.